சுருளைத் தூக்கியவன்

அன்று காலை நானும் என் கணவனும் எங்கள் யூத ஜெப ஆலயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தோம். சீனத்து வடக்கில் இருக்கும் எங்கள் ஹார்பினில் அக்டோபர் கடைசியிலேயே சுங்காரி ஆற்றுக் காற்று காதை அறுக்கும். வாயைத் திறந்தால் பல் கூசும். அப்படியும் நான் வாயை மூடவில்லை.

"டியான்ஜினுக்கு டிக்கெட் வாங்கியாச்சு. அங்கேருந்து கப்பல். ஹைஃபாவுல என் தங்கச்சி வீடு பாத்து வெச்சிருக்கா. இன்னும் என்ன யோசனை உனக்கு?"

"யோசனை ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயித்துக்கெழமை வரேன்னு சொல்லிட்டேன்ல."

"உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"மூஞ்சி குளிருல வெறச்சிருக்கு, ரிவா. அது எதையும் சொல்லாது."

என் கணவன் பெயர் ஜெலிக். மர ஆலையில் வேலை பார்த்த உடம்பு. ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மூடுவது எல்லாம் அவன் பொறுப்பு. சனிக்கிழமை ஓய்வுநாளில் சாவியைச் சுமந்து போகக் கூடாது என்பதால் அதை இடுப்பு வாருக்குக் கொக்கியாகவே மாட்டியிருப்பான். ஆனால் அவனுடைய பெருமை சாவியில் இல்லை. வாசிப்பு முடிந்ததும் எங்கள் வேதமான தோராச் சுருளை விரித்தபடியே தலைக்கு மேல் தூக்கி, நாலாபக்கமும் திரும்பி எல்லோருக்கும் காட்டுவது பல வருஷமாக அவன்தான். சுருள் இரண்டு மரக்கட்டைகளில் சுற்றியிருக்கும், அக்டோபரில் தொடங்கும் எங்கள் வாசிப்பு ஆண்டின் முதல் வாசிப்பில் அதன் கனம் முழுக்க இடது கட்டையில் இருக்கும். அன்றைக்கு மற்ற ஆட்கள் தாடியைச் சொறிந்துகொண்டு பின்னால் நகர்ந்துவிடுவார்கள். சுருள் கைதவறி விழுந்தால் பார்த்த அத்தனை பேரும் நோன்பு இருக்க வேண்டும், அந்தப் பழியை யார் சுமப்பது? ஜெலிக் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போவான்.

அன்று ஆண்டின் முதல் வாசிப்பு. அவன் இந்த ஊரில் தூக்கப்போகும் கடைசிச் சுருள்.

ஆனால் சுருளைப் பேழையிலிருந்து வெளியே எடுக்கவே பத்து ஆண்கள் வேண்டும். பத்துக்கு ஒன்று குறைந்தாலும் வாசிப்பு கிடையாது. எங்கள் ஊர் யூதர்கள் எல்லோரும் கப்பல் ஏறிப்போய் மிச்சம் இருந்த ஆண்களே பத்துப் பேர்தான். அதிலும் மருந்துக்கடை நாஹும் வியாழக்கிழமை செத்துப்போனார். வெள்ளிக்கிழமை புதைத்தோம். அவருடைய ஜெபச் சால்வையை அவருக்கே போர்த்தி, வழக்கப்படி அதன் ஒரு மூலையில் தொங்கும் குஞ்சத்தைக் கத்தரித்தது ஜெலிக்தான். இறந்தவனுக்கு இனிக் கட்டளையும் இல்லை கடமையும் இல்லை என்பதற்கு அது அடையாளம்.

ஆக, ஒன்பது பேர். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் தட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. இரவெல்லாம் இறந்தவர்கள் உள்ளே கூடி ஜெபிப்பார்கள், தட்டினால் எழுந்து போய்விடுவார்கள் என்பார்கள். ஜெலிக் அதை ஒருநாளும் விட்டதில்லை. அன்று தட்டவில்லை. சாவியைத் திருகிக் கதவைத் தள்ளினான். சண்டை மும்முரத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மெழுகு வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. புதிதாகத் தோண்டிய ஈரமண் வாடை. பூட்டிக் கிடந்த கட்டடம், தரை ஓதமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெண்கள் மாடிக்கு ஏறினேன். மாடியில் நான் ஒருத்திதான். மற்ற பெண்கள் கப்பலேறியோ மண்ணுக்குள்ளோ போய் வருஷக்கணக்காகிறது. பலகைகளில் தூசி படிந்திருந்தது.

கீழே ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குளிருக்கு எல்லோரும் சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக் கணப்பைச் சுற்றி நின்றார்கள். தொழுகையை நடத்துபவர் லிப்கின். கண்ணில் புரை விழுந்தவர், ஆனால் நாக்கில் எந்தக் குறையும் கிடையாது.

"என்னடா ஜெலிக், பொண்டாட்டி சத்தம் ஆத்தங்கரை வரைக்கும் கேட்டுதாமே?"

"நீங்க கேட்டீங்களா?"

"எனக்குக் கண்ணுதாண்டா போச்சு."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒன்பது பேர் என்பது எல்லோர் மனதிலும் இருந்தது. லிப்கின் பெருமூச்சு விட்டார். "சரி, பாத்துடுவோம்" என்றார்.

மனிதர்களை எண்ணுவது எங்களுக்கு ஆகாது. பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், வசனம் முழுதாக முடிந்தால் பத்துப் பேர். முகத்தைப் பார்க்காமல், தரையில் தெரியும் பூட்ஸுகளைப் பார்த்துச் சொல்வார்கள். லிப்கின் குனிந்துகொண்டு மெல்லச் சொல்லிக்கொண்டே போனார்.

வசனம் முடிந்தது.

"அட!" என்றார் லிப்கின். "முழுசா விழுந்துடுச்சே. யாருப்பா வந்திருக்கிறது, முடான்ஜியாங்கிலேருந்து யாராவதா?"

கேட்டால் கிடைத்தது போய்விடுமோ என்ற பயம் அந்தக் கிழவர்களுக்கு. "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று ஒருவர் அவசரப்படுத்தினார். வந்தது யாரென்று பார்க்கக்கூட மாட்டார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூணுக்குப் பின்னால் யாரோ நிற்பது மாடியிலிருந்து பாதிதான் தெரிந்தது.

பேழையைத் திறந்தார்கள். ஜெலிக் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றி வந்தான். அவன் கடந்து போகும்போது ஒவ்வொருவரும் தன் சால்வை மூலையின் குஞ்சத்தால் சுருளைத் தொட்டு, அதை முத்தமிட்டார்கள். ஜெலிக் தூணருகே வந்தான். ஒரு கை சால்வையின் மூலையை நீட்டியது.

அந்த மூலையில் குஞ்சம் இல்லை.

வெட்டிய நூல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஜெலிக் அந்த மூலையைப் பார்த்தான். பார்த்தும் நிற்கவில்லை, முகம் மாறவில்லை. மெல்லத் தலையசைத்துவிட்டு நடந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வாசிப்பு முடிந்தது. ஜெலிக் மேடையேறிக் கட்டைகளைப் பிடித்தான். சுருளை மேசை விளிம்புக்கு இழுத்துச் சாய்த்து எழுப்பினான்.

அது காற்றைப் போல எழுந்தது.

அவன் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், நான் வருஷாவருஷம் பார்த்திருக்கிறேன். அன்று எதுவும் இல்லை. கனம் முழுக்க இருக்கும் அந்த இடது கட்டையைப் பார்த்தேன். ஜெலிக்கின் இடது கை விரிந்திருந்தது. கட்டையின் மேல் அவன் விரல்கள் படவே இல்லை. சுருள் கோணாமல் நின்றது.

எல்லோரும் சுண்டுவிரலை நீட்டி, "இதுவே தோரா" என்று பாடத் தொடங்கினார்கள். அது வழக்கம், சுருளைச் சுண்டுவிரலால் சுட்டிக்காட்டிப் பாடுவார்கள். தூணருகிலும் ஒரு விரல் உயர்ந்தது. நகக்கண்ணில் மண்.

அது சுருளைக் காட்டவில்லை.

ஜெலிக்கைக் காட்டியது.

வீடு திரும்பும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். "நீ தட்ட மறந்துட்ட, அதான். தட்டாம தொறந்துட்ட."

ஜெலிக் நடையைக் குறைத்தான்.

"மறக்கல, ரிவா."

"என்ன?"

"மறக்கலைன்னு சொல்றேன். நான் போற கடைசி வாரம். ஒம்பது பேரு தலையைத் தொங்கப் போட்டுட்டு வீட்டுக்குப் போறதப் பாத்துட்டு நான் எப்படிக் கப்பல் ஏறுவேன்? ஒரு ஆளுதான கொறையுது, உள்ள இருக்கிறவங்க இருக்கட்டுமேன்னு தட்டாம தொறந்தேன்."

"அவரு உன்னைக் காட்டினாரு. விரலை நீட்டிக் காட்டினாரு."

"பாத்தேன்."

"இன்னைக்கே கெளம்பிடலாம். ரயில் இல்லாட்டி நடந்தே போயிடலாம், ஜெலிக். உன் கால்ல விழறேன்."

"அடுத்த வாரம் போறோம்ல" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனுடைய இடது கை கனக்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். பாரம் ஏற்றிய கயிறு மாதிரி நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தது.

"எறக்கிட்டியே, ஜெலிக். சுருளத்தான் அன்னைக்கே எறக்கிட்டியே" என்றேன்.

"நான் அன்னைக்குத் தூக்கவே இல்லையே" என்றான் மெல்ல. "இப்பத்தான் தூக்கறேன்."

சீன டாக்டர் வந்து பார்த்துவிட்டு இதயம் என்றார், ஊசி போட்டார். நான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். பெட்டி தயாராக இருந்தால் அவன் எழுந்துவிடுவான் என்று பைத்தியம் மாதிரி நம்பினேன். வியாழக்கிழமை மதியம், நல்ல வெளிச்சத்தில், என் கண்ணெதிரே அவன் கை தானாகத் தலைக்கு மேல் எழுந்து நின்றது. பிறகு அவன் மூச்சு நின்றது. அந்தக் கையை மடக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை லிப்கின் தடவித் தடவி அவனுடைய சால்வைக் குஞ்சத்தைக் கத்தரித்தார்.

மறுநாள் ஓய்வுநாள். துக்கத்தில் இருப்பவளும் அன்று ஆலயத்துக்குப் போகலாம். அங்கே இனி எட்டே பேர்தான், வாசிப்பு நடக்காது, எல்லாம் முடிந்துவிட்டது என்று பார்த்துவிட்டாவது ரயில் ஏறலாம் என்று போனேன். அவனைக் கொன்ற அந்த இடம் பாழாய்க் கிடப்பதை நான் பார்க்க வேண்டும்.

எட்டுக் கிழவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். சாவி இப்போது லிப்கினின் இடுப்பில். அவர் கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லிப்கின் கையை இறக்கினார். தட்டாமல் திறந்தார்.

"லிப்கின்!" என்று கத்தினேன். "அவனைக் கொன்னது போதலையா உங்களுக்கு?"

அவர் திரும்பாமல் சொன்னார். "நாங்க எங்கம்மா போவோம்? எங்களுக்கு ஹைஃபாவுல யாரு இருக்கா?"

எட்டுப் பேரும் உள்ளே போனார்கள். திரும்பிப் போயிருக்கலாம் நான். போகவில்லை. அவன் உள்ளே இருப்பானோ என்ற ஆசைதான். வேறு என்ன காரணம் சொன்னாலும் பொய்.

மாடியில் இருந்து பார்த்தேன். லிப்கின் தரையைப் பார்த்துக்கொண்டு வசனத்தைச் சொன்னார். அது முழுதாக முடிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. பேழை திறந்தது, வாசித்தார்கள். தூக்குவதற்கு ஆள் அழைத்தபோது எட்டுப் பேரில் ஒருவரும் அசையவில்லை. தூண் பக்கத்திலிருந்து அகலமான ஒரு முதுகு எழுந்து மேடைக்குப் போனது.

அந்த முதுகை எனக்குத் தெரியாதா?

சுருள் உயர்ந்தது. அவன் நாலாபக்கமும் திரும்பிக் காட்டினான். என் பக்கம் திரும்பியபோது சால்வை முகத்தை மறைத்திருந்தது. உள்ளே கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஜெலிக்" என்றேன். சுருளைத் தாழ்த்தி வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனான். எனக்குக் கண்ணீர் மறைத்தது. எந்த ஜெபம் நடக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. ஜெபப் புத்தகத்தை வெறுமனே புரட்டினேன்.

நான் உட்கார்ந்திருந்த பலகை கிறீச்சிட்டது.

பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். மண் வாடை அடித்தது.

சில்லென்ற ஒரு பெண் கை என் மடியிலிருந்த புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளி, நான் தவறவிட்ட வரியின் மேல் விரலை வைத்தது.