சொல்லாத பெயர்

தேனம்மைக்கு இந்த முறை முழு மதிப்பெண். அதுதான் இடித்தது.

மாதம் ஒருமுறை டேப்லெட் கேள்வி கேட்கும். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்கும். கடிகாரம் வரையச் சொல்லும். மறதி நோய் எட்டிப் பார்க்கிறதா என்று சென்னையில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்களாம். மகன் ஆதித்தனின் ஏற்பாடு. மார்க் சரிந்தால் காரைக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடுவான். அடுக்குமாடியில் போய் அடைந்துகிடக்க அவளுக்குத் தெம்பில்லை.

எப்போதும் ஒரே கேள்வியில்தான் மார்க் போகும். கணவர் பெயர். அவர் இருந்தபோதே அவள் வாயால் சொன்னதில்லை. செத்த பிறகா சொல்லப்போகிறாள்?

சென்னைச் சோதனை மையத்தில் வேலை பார்க்கும், பக்கத்து ஊரான புதுவயல் பெண் சிந்து போன் செய்தாள்.

"ஒருவழியா ஐயா பேரைச் சொல்லிட்டீகளே ஆச்சி. வெக்கம் விட்டுப்போச்சாக்கும்."

"நான் எங்க ஆத்தா சொன்னேன்?"

சிந்துவின் சிரிப்பு நின்றது. "உங்க குரல்தான் ஆச்சி. ஞாபகம் இல்லைன்னா சொல்லுங்க, மகனுக்குத் தகவல் போகணும்."

"சும்மா வெளாட்டுக்குக் கேட்டேன். சொன்னேன், சொன்னேன்."

"பதிவை அனுப்புறேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

வெயிலுக்குக் கதவுகளைச் சாத்தியிருந்ததால் முகப்பிலிருந்து பின்பக்கத்து இரண்டாங்கட்டு வரை வீடு அரையிருட்டில் கிடந்தது. நடுமுற்றமான வளவில் காயும் மோர்மிளகாயின் நெடிக்கு அடியில், கடைசிக் காலத்தில் இடது காலை இழுத்து இழுத்து நடந்த அவருக்கு அவள் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசம், இத்தனை வருஷம் கழித்து, மெல்லக் கசிந்து வந்தது. முகப்பில் உட்கார்ந்து அலுப்போடு பதிவைத் தட்டினாள்.

அவளுடைய இருமல். மின்விசிறியின் கடகட. யானை, கதவு, மல்லிகை. பிறகு அந்தக் கேள்வி. மின்விசிறியின் கடகட மட்டும்.

அதற்குப் பின் அவள் குரல். பதில் சொல்லும் குரலில்லை. கூப்பிடும் குரல்.

"மெய்யநாதா..."

டேப்லெட்டை அணைத்தாள்.

இரண்டாங்கட்டில் நாற்காலி கிறீச்சிட்டது.

"இந்தா வாரேன்." அவர் குரல்.

ஓர் அடி. ஓர் இழுப்பு. ஓர் அடி. ஓர் இழுப்பு.

நின்றது. எங்குட்டு வருவது என்று தெரியாமல் நிற்பதுபோல.

"மெய்யநாதா..."

அவள் குரலேதான். டேப்லெட்டைப் பார்த்தாள். திரை கறுப்பு.

இழுப்பு. வளவுக்கு வந்துவிட்டது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். அழுத்தினாள். தைல வாசம் முகத்துக்கு நேரே. உள்ளங்கைக்குள் அவள் உதடுகள், அவளைக் கேட்காமலே, ஒட்டிப் பிரிந்தன.

மெ...