பேத்தை மீன் பற்றிய மூன்று கேள்விகள்

உலகோர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது: அறியாமை ஒழிக்கப்பட்டது. மனித குலம் சேர்த்த அறிவு முழுவதும் திறந்த வளமாகிவிட்டது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது.

பள்ளி நூலகத்தில் தினமும் காலையில் இந்த அறிவிப்பு ஒலிக்கும்போது நூலக ஆசிரியை சந்தானலட்சுமி எழுந்து நிற்பாள். முடிந்ததும் உட்காருவாள். காதில் ஏறி வெகுகாலம் ஆகிறது.

அவளுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அது கடலுக்குள் போனபின் மன்னார்குடிக்கு வந்தாள். பின்னாலேயே கடலும் வந்துவிட்டது. நெல் விளைந்த வயலில் இப்போது மீன் துள்ளுகிறது. எந்த மீன் என்ன மீன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று ஏழாம் வகுப்புச் செங்கமலம் பலகைத்திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். "மிஸ், அப்பா வாய்க்கால்ல கூடை நெறைய புடிச்சாரு. தொட்டா பலூன் மாதிரி ஊதுது. தின்னலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க அம்மா. ராத்திரிக்குக் கொழம்பு வைக்கணுமாம்."

பேத்தை. விஷ மீன். நாகப்பட்டினத்தில் இதை நாய்க்குக்கூடப் போடமாட்டார்கள்.

சந்தானலட்சுமி வாயைத் திறந்தாள். சிறுமியின் கழுத்தில் தொங்கி, பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கற்றல்காவலன் கருவி பச்சையாக மினுங்கியது. மூடிக்கொண்டாள்.

பிறந்தவுடனே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கற்றல் கோட்பாடு ஒதுக்கப்படுகிறது. பரிசு கொடுத்துப் பழக்கும் 'மணியடி' வகுப்புப் பிள்ளை என்றால் "தின்னாதே" என்று சொல்லி ஒரு மிட்டாய் கொடுத்தால் போதும். செங்கமலமோ கன்ஸ்ட்ரக்டிவிசம், அதாவது அறிவைத் 'தானே கட்டும்' வகுப்பு. அவளுக்கு யாரும் நேராக விடை சொல்லக்கூடாது. சொன்னால் அது திணிப்பு. சந்தானலட்சுமி ஏற்கெனவே இரண்டு முறை திணித்தவள். மூன்றாவது முறை வேலை போய்விடும். பிள்ளைக்கும் அந்த ஆண்டின் படிப்பு ரத்து.

திறந்த வளத்தில் பேத்தையைத் தேடினாள். யாரும் திருத்தலாம் என்பதால் எல்லோரும் திருத்தியிருந்தார்கள். 'விஷம்' என்ற சொல் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது என்று ஒரு புண்ணியவான் அதை எடுத்துவிட்டு, 'தனித்துவமான வேதியியல் கொண்டது' என்று போட்டிருந்தார். கீழே முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

விதிப்படி மூன்று கேள்விகள் கேட்கலாம்.

"ஊதுற மீன் எதுக்கு ஊதுதுன்னு நெனைக்கிறே?"

"அதுக்கு ஜாலியா இருக்கும் மிஸ்."

"உங்க தெருப் பூனை அதைத் தின்னுதா?"

"மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. அதுக்குத் திமிரு மிஸ், நேத்து பாலையே குடிக்கல."

"பூனையே தொடாததை மனுஷங்க தின்னா..."

காவலன் சிவந்தது. "கேள்வியில் விடை கசிகிறது. திருத்திக் கேட்கவும்."

"ஏம்மா, வேற வகுப்புக்கு மாறிக்கிறியா? இப்பவே மனு போடலாம்."

"மாத்திக் குடுக்க ஒரு வாரம் ஆகும் மிஸ். மீனு நாறிடும்."

காவலன் காத்திருந்தது. சந்தானலட்சுமி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பயிற்சி முகாமில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "இதைத் தின்னா என்ன ஆகும்னு நீ எப்படிக் கண்டுபிடிப்பே?"

செங்கமலத்தின் முகம் மலர்ந்தது. "தின்னு பார்த்து, மிஸ்!"

காவலன் பச்சைக்குத் திரும்பியது. சிறுமி துள்ளிக்கொண்டு ஓடினாள். சந்தானலட்சுமி வாசல்வரை போனாள். பிறகு திரும்பிவந்து டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். உப்புப் போட மறந்திருந்தாள். அதுவும் சாப்பிட்டு முடித்தபின்தான் தெரிந்தது.

மூன்று நாள் கழித்துச் செங்கமலம் வந்தாள். நேராக மேசைக்கு வந்து நின்றாள்.

"அதைத் தின்னக்கூடாது மிஸ்."

காவலன் இனிமையாக ஒலித்தது. அறிவு தானாகக் கட்டப்பட்டது, முழு மதிப்பெண். தலைமையாசிரியர் ஓடிவந்து சந்தானலட்சுமியின் கையைக் குலுக்கினார். "பார்த்தீங்களா மேடம், சொல்லிக்கொடுத்திருந்தா மறந்திருப்பா. இனி ஆயுசுக்கும் மறக்கமாட்டா!"

செங்கமலத்தின் அம்மாவை முந்தாநாள் எரித்திருந்தார்கள்.