கடல் பார்த்த அறை

தனாயும் அவள் கணவன் ஸ்டெலியோஸும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு, விடுமுறைக்கு வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் கலியோப்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நாக்சோஸ் தீவே ஆகஸ்ட் வெயிலுக்குக் கதவடைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சிள்வண்டுகள் மட்டும் விடாமல் கத்தின.

"ஏதென்ஸ்ல வெந்துட்டோம்க்கா," என்றாள் தனாய். "மாடி ரூம்ல இருந்து கடல் தெரியும்னீங்களே?"

"கட்டில்ல படுத்தாலே தெரியும்மா."

சாவியைக் கொடுத்தாளே தவிர, கலியோப்பி மாடிக்கு ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது தனாய் வெறுங்காலோடு கீழே வந்தாள்.

"அக்கா, இங்க வேற யாராவது தங்கியிருக்காங்களா? ஒரு பெரியவர், நாங்க கண்ணசர்ற நேரமாப் பார்த்து ரூம் வாசல்ல வந்து நிக்கிறாரு. சட்டையெல்லாம் வேர்வையில ஒட்டிக்கிடக்கு."

பின்னால் வந்த ஸ்டெலியோஸ் சிரித்தான். "என் கண்ணுக்கு ஒருத்தரும் தெரியல. எங்க போனாலும் இவளுக்குத்தான் கிழவனுங்க சிநேகம்."

தனாய் சிரிக்கவில்லை. "ரொம்ப மரியாதையான மனுஷன்க்கா. ஒண்ணுதான் கேட்டாரு. 'நீங்க எப்பம்மா கிளம்புவீங்க? அப்புறம் நான் வரலாமா?'ன்னு."

கத்தி நின்றது.

பயம் வருவதற்கு முன்னால் கலியோப்பிக்கு வெட்கம் வந்தது. காது மடல் வரை சுட்டது.

அது அவள் அண்ணன் யாக்கோவோஸின் அறை. விடுமுறைக் கூட்டம் வரத் தொடங்கியதும் அவரைக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்கு மாற்றினாள். வந்தவர்கள் போனதும் திரும்பிவிடலாம் என்றாள். ஒருவர் போக, அடுத்தவர் வந்தார். அவர் படிக்கட்டடியில் நின்று, விருந்தாளிகள் காதில் விழாதபடி, "போயிட்டாங்களா?" என்று கேட்பார். யாரென்று விசாரித்தவர்களிடம், தோட்டக்காரர் என்று சொல்லியிருந்தாள். அதை அவரும் கேட்டார்.

ஜூலை அனல்காற்றில் ஒரு மத்தியானம் கொட்டகைக்குள்ளேயே அவர் உயிர் போனது. அவள் போய்ப் பார்த்தபோது தகரக் கதவைத் தொட முடியவில்லை. நாற்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை. அதற்குள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டாள்.

"யாருக்கா அவரு?"

தோட்டக்காரர் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"என் அண்ணன்," என்றாள். "போன மாசம் செத்துட்டாரும்மா. அவரு ரூம்தான் அது."

ஸ்டெலியோஸின் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. தனாய் அவளைப் பார்த்த பார்வையில் பயத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. சாயங்காலப் படகுக்குக்கூடக் காத்திராமல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கலியோப்பி மாடி ஏறினாள். அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே ஓரமாக நின்றாள்.

"அண்ணா, போயிட்டாங்க. வா."

சிள்வண்டுகள் ஒரே நேரத்தில் அடங்கின.

படியில் காலடி கேட்டது. மெதுவாக, மூச்சிரைக்க ஏறி வந்தது.

சூடேறிய தகரத்தின் வாடை.

அவள் தலை நிமிரவில்லை. நிமிர முகமில்லை. அனல் ஒன்று தோளை உரசிக் கடந்து உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. பிறகு கட்டில் முனகியது.

"என்னை மன்னிச்சிரு," என்று கதவோடு கதவாகக் கிசுகிசுத்தாள்.

அக்டோபரில் கடைசி விருந்தாளியும் தீவைவிட்டுப் போன பிறகும் அந்தத் தாழ் விலகவில்லை. மத்தியானங்களில் உள்ளே யாரோ மெல்லப் புரண்டு படுப்பது கேட்கும். அந்த நேரத்தில் கலியோப்பி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள்.