ஒரு வாய் பாசி

முகம் துடைத்த துண்டு வழுக்கியது. வியர்வை என்றால் துணி நனையும். இது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அன்புராஜ் துண்டை முகர்ந்துபார்த்துவிட்டு, சீ என்று வீசினான். தேங்கிய குட்டையில் மீன் செத்து மிதந்தால் வீசுமே, அந்த வாடை.

அவனுக்கு அது பழகிய வாடைதான். கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்க்கும் ஆலையில் தொட்டி தொட்டியாகப் பாசி வளர்க்கிறார்கள். அந்தப் பச்சைக் கூழை ரியாக்டரில் ஏற்றிச் சூடாக்கினால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெடித்து எண்ணெய் கக்கும். அதுதான் பிறகு பயோடீசலாகிறது. சூடு ஏறும்வரை பாசிக்கு வெளிச்சம் ஒன்றே குறி. தொட்டியில் டார்ச் அடித்தால் ஆட்டு மந்தை மாதிரி அந்தப் பக்கமே ஒதுங்கும்.

போன வாரம் பம்ப் மக்கர் செய்தது. லாரிக்காரர்கள் டீசல் உறிஞ்சுவதுபோல ஹோஸை வாயில் வைத்து இழுத்தான். ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

"துப்பு நைனா! இன்னாத்துக்கு முழுங்கிக்கினு நிக்கிற?" கூட வேலை செய்யும் ஷாஹுல் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று முழுக்கக் குமட்டியது. மறுநாள் மறந்தே போனான். பல் முளைக்காத மகளுக்கு வழக்கம்போல முறுக்கை மென்று குழைத்து ஊட்டினான்.

இன்று காய்ச்சல். நெற்றியைத் தொட்ட மனைவி இளமதி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, எண்ணெ வழியுது? ஒடம்பு வேற கொதிக்குது."

"மாத்திர வாங்கியா. பாப்பாவ எங்கிட்ட உடாத."

"அது தூளில தூங்குது. மெடிகலுக்கு ஓடிட்டு வந்துர்றேன்."

அவள் போனதும் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் திரும்பிய லாரி ஒன்றின் வெளிச்சம், அந்திக் கருக்கலில், ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து, சுவரில் ஊர்ந்து, அவன் கழுத்தில் ஏறி இறங்கியது. அதோடு சேர்ந்து தொண்டைக்குள்ளும் ஏதோ ஏறி இறங்கியது.

கண்ணாடி முன் நின்று கைபேசி டார்ச்சை வாய்க்குள் அடித்தான். ஈறெல்லாம் பச்சை. நாக்கின்மேல் வழவழப்பாக ஒரு படலம். டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினான். படலமும் நகர்ந்தது. வலப்பக்கம். அதுவும் வலப்பக்கம். அருவருப்பில் உடம்பு கூசியது. தன் வாயையே அறுத்து எறிய வேண்டும்போல இருந்தது.

விரலால் வழித்தான். வரவில்லை. ஓங்கரித்தான். பச்சைக் கோழை. அது தரையில் நிற்கவில்லை. இன்னொரு லாரி வெளிச்சம் விழுந்த ஜன்னலை நோக்கி நகர்ந்தது.

அப்போதுதான் முறுக்கு நினைவுக்கு வந்தது.

தூளி அசைந்தது. பாப்பா விழித்துவிட்டாள்.

துணியை விலக்கினான். டார்ச் அடித்தான். அவள் அழவில்லை. வெளிச்சத்தைக் கண்டதும் சிரித்தாள். பொக்கை வாய் திறந்தது. நாக்குக்கு அடியிலிருந்து பச்சையாக ஒன்று ஊர்ந்து வந்து, கீழுதட்டில் நின்று, அவன் கையிலிருந்த வெளிச்சத்தை நோக்கி எம்பியது.