கட் சொல்லும் வரை

திகிலுக்கே இலக்கணம் எழுதப் போகும் குறும்படம் அது. இயக்குநர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். இலக்கணம் எழுதக் கையில் இருந்தவை: இரவல் கேமரா ஒன்று, நடிக்க மனைவி, ஒலிப்பதிவுக்கு மனைவியின் தம்பி.

கதை நூறு வருடப் பழசு. மனைவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறான் ஒருவன். அவள் செத்த பிறகும் உள்ளே தட்டும் சத்தம் கேட்கிறது.

படப்பிடிப்புக்குப் பிடித்திருந்த ஆளில்லாத பழைய வீட்டில் பகல் வெளிச்சம்கூடத் தூசியோடுதான் இறங்கியது. தம்பியின் அக்கா அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஈர மரமும் எலிப்புழுக்கையும் நாறின.

"என்னங்க, இன்ஹேலரை மட்டும் கையில வச்சுக்கறேனே. தூசின்னா எனக்கு இழுக்கும்ல?"

"பிணத்துக்கு எதுக்குடி இன்ஹேலர்? நான் கட் சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. கேமராவை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. புரிஞ்சுதா மச்சான்?"

தம்பி அலமாரிக்குள் மைக்கை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மாமா அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். கேமராவைக் குழந்தையைப் போல் தடவிக் கொடுத்தார். "ஆக்‌ஷன்!"

அமைதி.

டொக்.

டொக். டொக்.

ஒத்திகையில் இல்லாத வேகம். ஹெட்போனுக்குள் அக்காவின் மூச்சு, கிழிந்த துருத்தி போல.

"மாமா," தம்பி கிசுகிசுத்தான். "அக்காவுக்கு இழுக்குது."

"உஷ்! இன்னிக்குத்தான் நடிக்கவே ஆரம்பிச்சிருக்கா."

தம்பி அசையவில்லை. மாமா இன்னும் கட் சொல்லவில்லையே.

தட்டல் மெலிந்தது. நின்றது. நின்ற பிறகும் மாமா ஒரு நீண்ட மௌனத்தைப் படமாக்கினார். மௌனம் அவருடைய பாணி. பிறகுதான் ஆறஅமர நடந்துபோய்ப் பூட்டைத் திறந்தார்.

அக்கா அவர் காலடியில் சரிந்தாள். நகக்கண்களில் மரத்தூள். தம்பி ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துவந்து வாயில் வைத்தான். உறிஞ்ச அவளிடம் மூச்சில்லை.

அவளைப் பெஞ்சில் கிடத்தி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இருவரும் நின்றார்கள்.

டொக்.

அலமாரி திறந்தே கிடந்தது. காலியாக.

தம்பியின் கழுத்தில் தொங்கிய ஹெட்போனிலிருந்து மெல்லிய குரல்.

"என்னங்க... கட் சொல்லுங்க."

"கட்," என்றார் மாமா.

டொக்.

"கட்! சொல்லிட்டேன்டி! கட்!"

டொக். டொக்.

"சொல்லுங்க. அசையாம இருக்கேன்."

தம்பி கேமராவைப் பார்த்தான். பதிவைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை; நேரம் 00:00-லேயே நின்றது. ரெக்கார்ட் பொத்தானை மாமா அழுத்தவே இல்லை.