உயிர்நாடா

"வாம்மா ரெஜினா, களைச்சுப் போயிருப்ப," என்றது சுவர், அப்பாவின் குரலில்.

கட்டிலில் கிடந்த அப்பாவின் உதடுகள் லேசாக நடுங்கின. சொற்கள் அங்கிருந்துதான் வந்தனவா என்று ரெஜினாவால் சொல்ல முடியவில்லை. பக்கவாதத்தில் பேச்சு குழறியவர்களின் வீட்டுச் சுவரில் சொல்துணை பொருத்துவது அப்போது தூத்துக்குடியில் சாதாரணம். அது நோயாளியின் கண்ணையும் மூச்சையும் கவனிக்கும். அவர் நினைப்பதை ஊகித்து அவர் குரலிலேயே சொல்லும். எல்லோரிடமும் இனிமையாகவே பேசும்.

அதுதான் அவளை உறுத்தியது. அம்மா இறந்தபோது ரெஜினா நிலாவில் வேலையில் இருந்தாள், வரவில்லை. அன்றிலிருந்து அப்பா அவளோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. கப்பல் ஓட்டிய அவள் அப்பா கஸ்பார் அத்தனை சுலபமாக இளகுகிறவர் அல்ல.

மறுநாள் அவள் ஒரு சுருள்நாடாப் பெட்டி வாங்கி வந்தாள். இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவே காந்தமுனை, குரலுக்கு ஆடும் ஊசி. ஒரு காலத்தில் வீடுகளில் பாட்டுக் கேட்ட அதே பெட்டிதான். ஆனால் இப்போது அதில் ஓடியது உயிர்நாடா. உயிருள்ள தொண்டையிலிருந்து எழும் ஒலி மட்டுமே அதன் பூச்சில் படியும். இயந்திரக் குரல் படியாது. கல்யாணச் சம்மதமானாலும் நீதிமன்றச் சாட்சியமானாலும் நாடாவில் இருந்தால்தான் செல்லும். "நாடாவுல இருக்கா?" என்று கேட்காமல் ஊரில் யாரும் எதையும் நம்புவதில்லை.

பகலெல்லாம் சக்கரங்கள் மெல்லச் சுழன்றன. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலாவைப் பற்றிச் சொன்னாள். அங்கே தூசி எப்படி ஓசையில்லாமல் விழும் என்று சொன்னாள். சுவர் "அப்படியா, கண்ணு" என்று பரிவாகக் கேட்டுக்கொண்டது. பிறகு நாடாவைப் போட்டுக் கேட்டாள். அவள் குரல் இருந்தது. கூரையில் கரைந்த காகம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆடுகூட இருந்தது. அப்பாவின் குரலில் பதில் வந்த இடங்களில் எல்லாம், கனவில் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல, ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும்.

"எதுக்குக்கா இது? காதால கேக்குறது போதாதா?" என்றான் தம்பி ரோச்.

"அது சுவருடா."

ஒரு சாயங்காலம் நாடா தீர்ந்தது. அவள் சுருளைத் திருப்பிப்போட்டு, முனையை வெற்றுச் சக்கரத்தில் செருகிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஏட்டி… நிலாவுல மீன் கெடைக்குமா?"

கரகரப்பாக, பாதி கேலியாக.

"அப்பா, ஒரு நிமிஷம்! நாடா ஓடட்டும், திரும்பச் சொல்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் விசையை அழுத்திவிட்டுத் திரும்பினாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். சுவரும் பேசவில்லை. மறுநாள் விடியலில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் அந்தச் சுருளை ஓடவிட்டாள். "திரும்பச் சொல்லுங்க" என்ற தன் குரலின் கடைசித் துண்டுதான் அதில் விழுந்திருந்தது.

ரோச் அவள் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நான் அப்ப வாசல்லதான் நின்னேன். அப்பா உதடு அசஞ்சுச்சு. அவருதான் கேட்டாரு."

"நெசமாவா?"

"நெசந்தான்க்கா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். "இதுல சொல்லு."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, சொன்னதையே சொன்னான்.

போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் மூச்சோடு பதிந்திருந்தது. சந்தேகமே இல்லை, உயிருள்ள தொண்டை. முகம் மலர்ந்தது.

மூன்றாவது முறை கேட்கும்போதுதான், ரோச் சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சமாதானப்படுத்துகிறவன் என்பது நினைவுக்கு வந்தது.