வைக்கோல் கன்று

பெட்டியிலிருந்து எடுத்த புடவை சூடாக இருந்தது.

கார்த்திகைத் தூறலில் மத்திகிரி ஊரே நமுத்துக் கிடந்தது. சுவர், விறகு, தலையணை, ஜாடி உப்பு என்று வீட்டில் எதைத் தொட்டாலும் ஈரம் கையில் ஒட்டியது. அந்த ஊதாப் புடவை மட்டும், யாரோ இப்போதுதான் உடம்பிலிருந்து அவிழ்த்துப் போட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. கிருபாராணி அதை முகத்தருகே கொண்டுபோனாள். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் வியர்வை. தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நேற்றும் அவள்தானே உடுத்தியிருந்தாள்.

புடவை லூர்துவுடையது. லூர்து அவள் கணவன் சகாயநாதனின் முதல் மனைவி. மைசூர் ராஜ்ஜியத்து ஆனேக்கல்லிலிருந்து வாழ வந்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள்.

கிருபாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சகாயநாதன் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'இந்தா' என்பான். கால்நடைப் பண்ணையில் பால் கறந்துவிட்டு வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். தட்டில் சோறு காய்ந்துபோகும். அவள் கோபப்படவில்லை. கல்லறைத் திருநாளன்று லூர்துவின் செம்மண் குழிமேட்டுக்கு அவனோடு போய் மெழுகுவத்தி ஏற்றினாள். காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அப்படியும் அவன் இளைத்துக்கொண்டே போனான்.

ஒருநாள் அவனாகவே வாய் திறந்தான். கொட்டகையில் ஒரு கன்று செத்துவிட்டதாம். தாய்ப்பசு பாலை அடக்கிக்கொண்டதாம். கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, அதன் முன்னால் நிறுத்தினார்களாம். பசு அதை நக்கிக்கொண்டே சுரந்ததாம். சொல்லும்போது லேசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாள் அவள் பெட்டியைத் திறந்தாள்.

ஊதாப் புடவை. சுவரில் இருந்த படத்தில் உள்ளதுபோல் ஒரு பக்கம் சாய்ந்த கொண்டை. விளக்கைச் சற்று இறக்கிவைத்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, பசித்த பிள்ளைபோல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். லூர்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்றான். ஊற்றினாள். கை நடுங்கவே இல்லை. படுத்தபின் அதை நினைத்துத்தான் உடம்பு கூசியது.

பிறகு தினமும் அப்படியே. அவன் கன்னம் தேறியது. கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோது இதை என்னவென்று சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பத்துக் கட்டளையில் எதிலும் இது அடங்கவில்லை. பால்காரனிடம் சொன்ன ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பண்ணையில் சாணி அள்ளும் செல்லி பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நேற்று மத்தியானம் கிருபாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாமே, மாடு ஏமாந்துபூடுதுன்னா நெனச்சே? அதுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நக்குது."

கிருபா தலையைக் குனிந்துகொண்டாள். முகம் எரிந்தது. செல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"தோலுக்குள்ள வெறும் வைக்கோலுன்னு நாமதான் சொல்லிக்கிறோம். உள்ள எது பூந்து நிக்குதுன்னு யாரு கண்டா?"

நேற்று மாலை சாப்பாட்டுக்கு நடுவில் சகாயநாதன் கேட்டான், நாகரசம்பட்டி மாந்தோப்பில் முதல் நாள் என்னிடம் என்ன கேட்டாய், ஞாபகமிருக்கிறதா என்று. கிருபா நாகரசம்பட்டியைப் பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பாம்பு இருக்குமான்னு கேட்டேன்."

ஆனேக்கல்காரியின் கன்னடத்து இழுவையோடு வந்தது அந்தக் குரல். அவன் கண் கலங்கியது. அவள் உதட்டைப் பொத்திக்கொண்டாள். நாக்கு வாய்க்குள் தனியாக, குளிர்ந்து கிடந்தது.

இன்று புடவை சூடாக இருந்தது. இதுவே கடைசி என்று நினைத்துக்கொண்டு உடுத்தினாள். அவன் சாப்பிட உட்கார்ந்ததும், சோற்றை மட்டும் போட்டுவிட்டு எதிரில் அமர்ந்தாள்.

"ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நாளையிலேர்ந்து இந்தப் பொடவை வேணாம்."

ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சோற்றைப் பிசைந்தான், நிறுத்தினான், மறுபடி பிசைந்தான். தலை நிமிரவில்லை.

"உன்னைப் போயி இப்பிடிப் பண்ணிட்டேன்" என்றான். "போ, உன் பொடவையைக் கட்டிக்கிட்டு வா. கூப்பிடுறேன்."

தன் பச்சைப் புடவையைக் கட்டிலில் எடுத்துவைத்துவிட்டு, ஊதாப் புடவையோடே முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து சாணியும் புளித்த தீவனமும் கலந்த வாசனை தூறலோடு வந்தது. எங்கோ ஒரு மாடு, கத்த நினைத்து விட்டுவிட்டதுபோல் பாதிக் குரலில் முனகியது. தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி, நெற்றியும் கன்னமும் கழுத்தும் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள்.

"கிருபா."

அவன் குரல். முதல்முறை. பதில் சொல்ல மூச்சிழுத்தாள்.

"தோ வரேங்க."

சொன்னது அவளல்ல. வீட்டுக்குள்ளிருந்து. அவளுடைய குரல்.

ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல். விளக்கு. பச்சைப் புடவை கட்டிய முதுகு. ரசம் ஊற்றும் கை. அவன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். வெட்கத்தோடு. மறுபடி சொல்கிறான், கிருபா.

கம்பியை அடித்தாள். அவன் திரும்பினான். அவளைக் கண்டான். அந்தப் பழைய துக்கம் முகத்தில் ஏறியது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"போயிடு லூர்து. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

நான் கிருபாங்க என்று கத்தினாள். கன்னடத்து இழுவை. மெல்லிய குரல்.

ஜன்னலைச் சாத்த உள்ளே இருந்தவள் எழுந்து வந்தாள். கிருபாவின் நடை. கிருபாவின் முகம். கோபமில்லை அதில். கம்பிக்கு நடுவே கையை நீட்டி, இரக்கத்தோடு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

விரல்களில் மண் வந்தது. ஈரச் செம்மண். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.